மூன்றாம் குப்பியில் சர்க்கரை

“விடு சனியனே, விடு!”

ஒரு முனை நாயின் வாயில். மறு முனை நசீமாவின் கையில். நடுவே ஆட்டு நுரையீரல் ஒன்று இதோ கிழிந்துவிடுவேன் என்று நீண்டுகொண்டிருந்தது.

நாய் உறுமியது. நசீமா செருப்பைக் கழற்றி அதன் மூக்குக்கு நேராக ஓங்கினாள். நாய் ஒரு கணம் தயங்கியது. அவளுக்கு அது போதும். வெடுக்கென்று பிடுங்கி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

ஆடு அடிக்கும் கொட்டகை வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்த மஸ்தான் சிரித்துவிட்டார். நசீமாவின் அப்பா கவுஸ் பாஷாவுக்குத் தம்பி. திருவண்ணாமலை மார்க்கெட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே கறிக்கடை.

“இன்னா பாப்பா, எம்.எஸ்ஸி. படிச்சுட்டு நாய்கிட்ட போய் பங்குக்கு நிக்கறே? என்னைக் கேட்டா நல்ல கறியாவே தரமாட்டேனா?”

“சிரிக்காதீங்க சாச்சா, பத்திக்கினு வருது எனக்கு! இது என்னான்னு பாருங்க.”

நுரையீரலைத் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி. வெள்ளையாக, விண்ணென்று, உள்ளே நீர் நிறைந்து பளபளத்தது.

“தண்ணிக்கட்டி. ஆட்டுக்கு வர்றதுதானே? மனுஷன் எவன் துன்னுவான் அதை? அதான் நாய்க்குப் போட்டேன். உனக்கு வேணும்னா முன்னாடியே சொல்லி வெச்சா எடுத்து வெச்சிருப்பேன்.”

“எனக்காக எடுத்து வைக்கச் சொல்லலை. நாய்க்குப் போடாதீங்கன்னு சொல்றேன்! அந்தத் தண்ணிக்குள்ள மணல் மாதிரி கிடக்கறது பூரா புழுவோட தலை. நாய் துன்னா அதோட குடல்ல புழுவா வளருது. அந்தப் புழுவோட முட்டை நாய் பீயில வருது, புல்லுல ஒட்டுது, நாயோட மயிர்ல ஒட்டுது. புல்லைத் துன்ற ஆட்டுக்கும் கட்டி. நாயைத் தடவுன கையாலயே சோறு துன்ற மனுஷனுக்கும் கட்டி. எத்தினி வாட்டி சாச்சா சொல்றது? குழி வெட்டிப் பொதைக்கறதுக்கு என்ன கேடு?”

“அடேங்கப்பா, பொதைக்கச் சொல்றே நீ. குடுன்னு வந்து நிக்கறாங்க பாரு, அவங்களாண்ட சொல்லு.”

மஸ்தான் கத்தி முனையால் காட்டிய இடத்தில் ஓர் அம்மாள் பனங்கூடையோடு நின்றிருந்தாள். அடி அண்ணாமலை கிராமத்து ராஜம்மாள். நெற்றி நிறையத் திருநீறு. ஈரம் காயாத தலைமுடி.

“தேய்பிறை அஷ்டமிங்க இன்னிக்கு. பைரவரு வாகனத்துக்குப் போடணும்” என்றாள் ராஜம்மாள். “பாய் எப்பவும் எனக்குன்னு நாலஞ்சு நொரையீரல் எடுத்து வெப்பாரு. இந்த ஊட்டுப் பொண்ணு ஏன் பாய் இந்தக் கத்து கத்துது?”

நசீமா திரும்பினாள். கோபம் இன்னும் இறங்கவில்லை. “ஏம்மா, பைரவர் நாய்க்குப் போடறதுக்கு வேற பொருளே கிடைக்கலையா உங்களுக்கு? சோறு போடுங்க. பன்னு வாங்கிப் போடுங்க. இந்தக் கட்டியைப் பச்சையாக் கொண்டுபோய்ப் போட்டு…”

“வேண்டுதல் கண்ணு” என்றாள் ராஜம்மாள். “எம் பொண்ணு வெள்ளையம்மாளுக்கு வயித்துல கட்டி. வலப்பக்கம், விலாவுக்குக் கீழ. ரெண்டு வருஷமா மெள்ள மெள்ள உப்பிக்கினே வருது. ஜுரமும் கெடையாது, வலியும் அவ்வளவா கெடையாது. கனமா மட்டும் இருக்குதும்மான்னு சொல்லுவா. அது கரையணும்னுதான் மாசம் தவறாம நாய்ங்களுக்குப் போட்டுக்கினு வர்றேன். ஊட்டு நாய்க்கும் சேத்து.”

நசீமா நுரையீரலோடு ராஜம்மாளின் பக்கம் ஓரடி வைத்தாள்.

“ஊட்டு நாயா?”

“ஆமா. வெள்ளையம்மா வளத்தது. அவ காலடியிலதான் படுத்துக்கும்.”

மஸ்தான் கத்தி தீட்டுவதை நிறுத்தினார். அவருக்கே ஏதோ புரிந்துவிட்டது.

“எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?”

“செங்கம் ரோட்டுல, அருணகிரி டாக்டரு. ஈரல்ல சீழ் புடிச்சிருக்காம். வயித்தைக் கிழிக்கவே தேவையில்ல, வெளிய இருந்தே ஊசி போட்டு இழுத்துடுவேன்னு சொல்லிட்டாரு, மகராசன். இப்ப இந்நேரத்துக்குத்தான். மருமவன் தருமன் கூட இருக்கான். நான் இதைப் போட்டுட்டு ஓடணும்…”

“ஊசியா?” நசீமா கத்தினாள். “இப்பவா?”

கையோடு கொண்டுவந்திருந்த ஒயர் கூடைக்குள் நுரையீரலைத் திணித்தாள். ஓரமாக நின்ற மஸ்தானின் லூனாவை இழுத்து மிதித்தாள்.

“ஏறுங்கம்மா பின்னாடி.”

“ஐயோ, எனக்கு இதுல எல்லாம் ஒக்காந்து பழக்கமில்ல…”

“ஏறுங்க! அந்த ஊசி உள்ள போச்சுன்னா உங்க பொண்ணு எழுந்திருக்க மாட்டா!”

ராஜம்மாள் ஏறினாள். பனங்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நசீமாவின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். லூனா முக்கி முனகிப் புறப்பட்டது.

*

தேரடித் தெருவில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே. நசீமா ஹாரனை அழுத்தினாள், அது வேலை செய்யவில்லை. வாயாலேயே கத்தினாள். வண்டிக்காரன் திட்டினான். அவள் அதைவிட நன்றாகத் திட்டினாள்.

பின்னாலிருந்து ராஜம்மாள் அழுதுகொண்டே கேட்டாள். “ஏன் கண்ணு, சீழை எடுத்தா எதுக்கு செத்துப்போவா?”

“சீழ் இல்லம்மா அது! சீழா இருந்தா ஜுரம் கொளுத்தும், ராத்திரி பூரா கத்துவா. ரெண்டு வருஷம் சும்மா கெடக்குமா? அது இந்தத் தண்ணிக்கட்டி. ஆட்டுக்கு வர்ற அதே கட்டி. ஊசி குத்துன ஓட்டை வழியா அந்தத் தண்ணி வயித்துக்குள்ள சிந்தினா உடம்பு தாங்காது. தொண்டை அடைச்சு, ரத்த அழுத்தம் இறங்கி, நிமிஷத்துல முடிஞ்சுடும்.”

மற்றவர்களுக்குப் பாடத்தில் படித்தது. நசீமாவுக்கு அதுதான் பொழுது விடிவதும் பொழுது போவதும். ஆட்டின் கட்டி நீரில் சர்க்கரை எவ்வளவு, புரதம் எவ்வளவு, உப்பும் கொழுப்பும் எவ்வளவு. மனிதக் கட்டி நீரில் அவை எவ்வளவு. இந்த ஒப்பீடுதான் வேலூரில் பேராசிரியர் சக்கரபாணியிடம் அவள் செய்யும் ஆராய்ச்சி. ஆட்டுக் கட்டிக்கு ஊர்க் கொட்டகை இருந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் ஐஸ் ஃபிளாஸ்கில் நிரப்பிக்கொண்டு போவாள். மனிதக் கட்டி நீர் மட்டும் நான்கே நான்கு குப்பிகள். அவள் சேருவதற்கு முன்பே பேராசிரியரின் குளிர்ப்பெட்டியில் இருந்தவை. பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி அனுப்பியது என்று சொல்லியிருந்தார்.

அதில் மூன்றாம் குப்பி ஓர் அதிசயம். மற்ற மூன்றைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சர்க்கரை. மனித உடம்பில் வளரும்போது இந்தப் புழு சர்க்கரையைச் சேர்த்து வைக்கக் கற்றுக்கொள்கிறது என்று பேராசிரியர் அதை வைத்துக் கட்டுரை எழுதி, மாநாட்டில் கைதட்டல் வாங்கி வந்தார். “ஒரு குப்பியில மட்டும் ஏன் சார்?” என்று நசீமா கேட்டதற்கு, “அதுதாம்மா கண்டுபிடிப்பு. கேள்வி கேக்காம அளந்துக்கிட்டே இரு” என்றார்.

அவர் சொன்னால் நசீமா கேட்பாள். அம்மா ரஹமத்துன்னிசா போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு, அழைக்காமலே வீடு தேடி வந்த மனிதர் அவர். “உங்க பொண்ணு மார்க் பார்த்தேன். என்கிட்ட பி.எச்.டி. பண்ணட்டும்” என்று கவுஸ் பாஷாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கல்யாணப் பேச்சு நின்றது. பெட்டி கட்டினாள். அப்பா இன்றைக்கும் தொழுகை முடிந்து கேட்கும் துஆவில் அந்த மனிதருக்கும் ஓரிடம் உண்டு.

செங்கம் ரோடு. ஆசிரமத்துக்கு எதிர் டீக்கடையில் வேட்டி கட்டத் தெரியாமல் கட்டியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர், லூனாவில் பறந்து போகும் இரண்டு பெண்களையும் வாய் பிளந்து பார்த்தார்.

நர்சிங் ஹோம் வாசலில் பிரேக் போட்டாள். இதே படிகள். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவை இங்கேதான் கொண்டுவந்தார்கள். அவளுக்கும் வயிற்றில் ஏதோ கட்டி. “ஆபரேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஹார்ட் நின்னுடுச்சு. சுகர் பேஷன்ட் இல்லையா” என்று அருணகிரி டாக்டர் சொன்னார். பணம்கூட வாங்கிக்கொள்ளவில்லை. அப்பா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகுதான் கவனித்தாள். வேப்பமரத்தடியில் வெள்ளை அம்பாசிடர். டிரைவர் ராமகிருஷ்ணன் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பேராசிரியருடைய கார்!

“அல்லா, நீதான் அனுப்பினே” என்று உள்ளே ஓடினாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், டாக்டர் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

*

டாக்டர் அறையில் சக்கரபாணி காபி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே அருணகிரி கை கழுவி, துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார்! நல்ல வேளை நீங்க இருக்கீங்க. உள்ள இருக்கற பொண்ணுக்கு ஊசி போடக் கூடாது சார். அது சீழ் இல்லை. நம்ம கட்டி சார்! வீட்டுல நாய் இருக்கு, ஜுரம் இல்லை, ரெண்டு வருஷமா வளர்ந்திருக்கு…”

சக்கரபாணியின் கையில் காபி தளும்பி வேட்டியில் சிந்தியது.

“நீ ஏம்மா இங்கே வந்தே? லீவுக்குத்தானே வந்தே? வீட்டுக்குப் போ.”

“சார், நான் சொல்றது…”

“சார் சொன்னா கேளும்மா” என்றார் அருணகிரி. “இருபது வருஷமா ஈரல் பார்க்கறேன் நான். ஆட்டு ஈரல் இல்லை, மனுஷ ஈரல். கசாப்புக் கடையிலேர்ந்து எனக்கு வைத்தியம் சொல்ல ஆள் வரவேண்டியதில்லை.”

நசீமா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே நின்றாள்.

மேஜையில் ஸ்டீல் டிரே. அதில் நீளமான ஊசி, பெரிய சிரிஞ்சு. பக்கத்தில் உடைத்த ஐஸ். ஐஸில் கழுத்து வரை புதைந்து நின்றது ஒரு குப்பி. நீண்ட கழுத்து. நீல ரப்பர் மூடி.

அந்தக் குப்பி கடையில் கிடைக்காது. பேராசிரியர் கண்ணாடி ஊதுபவரிடம் சொல்லிச் செய்து வைத்தது. நாள்தோறும் அவள் கழுவி, துடைத்து, அடுக்குவது. மனிதக் கட்டி நீர் பம்பாயிலிருந்து வந்ததாகச் சொன்ன நான்கும் இதே குப்பிகள்.

“இது பம்பாய்லதானே சார் இருக்கணும்?” என்றாள்.

சக்கரபாணி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“கேக்கறேன், சொல்லுங்க! இது சீழ்னா ஐஸ்ல வெச்சு எதுக்கு சார் புடிக்கறீங்க? வேட்டி கட்டிக்கிட்டு வேலூர்லேர்ந்து சீழ் பார்க்கவா வந்தீங்க?”

“நசீமா, குரலைத் தாழ்த்து.”

“தாழ்த்த மாட்டேன். இப்பத்தான் புரியுது எனக்கு. வயித்தைத் திறந்து, சுத்தித் துணி அடைச்சு, கட்டிக்குள்ள ஃபார்மலின் ஏத்திப் புழுவைக் கொன்னுட்டுத்தான் எடுக்கணும். அப்படி எடுத்தா நோயாளிக்கு நல்லது. ஆனா ஃபார்மலின் பட்டா புரதம் கெட்டுடும், நம்ம அளவுக் கணக்குக்கு ஆகாது. அதனால திறக்காமலே, கொல்லாமலே, வெளியிலேர்ந்து குத்தி உறிஞ்சறீங்க. சுத்தமான தண்ணி. உங்களுக்கு சுத்தமான தண்ணி வேணும்!”

சக்கரபாணி எழுந்து கதவைச் சாத்தப் போனார். நசீமா குறுக்கே நின்றாள்.

“நீ நினைக்கறது மாதிரி ஆபத்து இல்லம்மா” என்றார் அவர், வகுப்பெடுக்கும் குரலில். “எல்லாருக்கும் ஒண்ணும் ஆகறதில்லை. நாங்க நாலு பேருக்கு எடுத்திருக்கோம். மூணு பேர் நடந்தே வீட்டுக்குப் போனாங்க. அப்புறம் முறைப்படி ஆபரேஷனும் பண்ணி விட்டார் டாக்டர்.”

“நாலாவது ஆளு?”

சக்கரபாணி ஜன்னல் பக்கம் பார்த்தார். அருணகிரி துண்டை மடித்தார்.

பக்கத்து அறையிலிருந்து தள்ளுவண்டியின் சக்கரச் சத்தம். “காலை நீட்டிப் படும்மா, பயப்படாதே” என்று நர்ஸ் தனத்தின் குரல். அருணகிரி டிரேயைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

நசீமா முந்தினாள். டிரேயிலிருந்த ஊசியை அள்ளிக்கொண்டு வெளியே பாய்ந்தாள்.

*

வராந்தா பெஞ்சில் ராஜம்மாளும் மருமகன் தருமனும் இருந்தார்கள். தருமன் முப்பது வயதுக்காரன். நிலக்கடலைக் காட்டிலிருந்து நேரே வந்தவன் போல முழங்கால் வரை செம்மண்.

“உங்க சம்சாரத்தை எழுப்பிக் கூட்டிக்கினு போங்க” என்றாள் நசீமா. “இங்க இருந்தா கொன்னுடுவாங்க.”

“இன்னாமா பேசறே நீ? அத்தை, யாரு இது?” தருமன் எழுந்து நின்றான். “டாக்டரு சாமி மாதிரி. எங்க ஊர்ல பாதிப் பேருக்கு உசிரு குடுத்தவரு.”

“அதேதான் நானும் நெனைச்சேன்” என்றாள் நசீமா.

டிரேயோடு டாக்டரும், பேராசிரியரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். “தருமா, அந்தப் பொண்ணுக்குப் புத்தி சரியில்லை. வெளிய அனுப்பு” என்றார் அருணகிரி.

நசீமா ஒயர் கூடையில் கைவிட்டாள். நாயின் பல் பதிந்த நுரையீரலை எடுத்து வெள்ளைப் பெஞ்சின் மேல் பொத்தென்று போட்டாள். ராஜம்மாள் முகம் சுளித்துப் பின்வாங்கினாள்.

“நல்லாப் பாருங்கம்மா. நீங்க மாசா மாசம் நாய்க்குப் போடறது இதுதான். உங்க பொண்ணு வயித்துல இருக்கறதும் இதுதான், பத்து மடங்கு பெருசா.”

கட்டியில் ஊசியைக் குத்தி எடுத்தாள்.

சர்ரென்று பீறிட்டது நீர். பக்கத்தில் நின்ற சக்கரபாணியின் வெள்ளைச் சட்டையில் நெஞ்சுக்கு நேராக அடித்தது. கிணற்று நீர் போலத் தெளிவான நீர். பெஞ்சில் ஓடி நின்ற இடத்தில் பொடி மணல் படிந்தது.

சக்கரபாணி அலறிக்கொண்டு சட்டையை உதறினார்.

“ஏன் சார் பதர்றீங்க? ஆட்டுத் தண்ணி வெளிய பட்டதுக்கே இந்தக் குதி குதிக்கறீங்களே! இதே மாதிரி அந்தப் பொண்ணு வயித்துக்குள்ள பீறிட்டா?”

தருமன் கட்டியைப் பார்த்தான். மணலைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்தான்.

“டாக்டரே, சீழ்னு சொன்னீங்க.”

“அது ஆடுப்பா. இது மனுஷி. ரெண்டும் ஒண்ணா?”

“ஒண்ணில்லதான்.” தருமன் மெதுவாக டிரேயின் பக்கம் கையை நீட்டினான். “அப்ப ஐஸ் வெச்சு பாட்டில் எதுக்குங்க? எம் பொண்டாட்டி வயித்துச் சீழை யாருக்குங்க பார்சல் கட்டறீங்க?”

அருணகிரி டிரேயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதைத் தருமன் பார்த்துவிட்டான். ஒரே எட்டில் உள்ளே போனான். வெள்ளையம்மாளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஒட்டடைக்குச்சி மாதிரி உடம்பு. வலப்பக்கம் மட்டும் தேங்காயைக் கட்டி வைத்தது போலப் புடைத்திருந்தது.

“இன்னாய்யா ஆச்சு? ஊசி போட்டாச்சா?” என்றாள் அவள், ஒன்றும் புரியாமல்.

“போட்டாச்சு, போட்டாச்சு. கம்முனு இரு.”

“ராமகிருஷ்ணா!” நசீமா வாசலுக்கு ஓடினாள். “காரை எடு. இவங்களை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. மேடு பள்ளத்துல குலுக்காம மெதுவா போ, ஆனா எங்கயும் நிறுத்தாதே.”

“அக்கா, சார் சொல்லாம நான் எப்பிடி…”

“சார் சட்டையைத் தோச்சு முடிக்கறதுக்கு ரொம்ப நேரமாகும். எடு!”

ராமகிருஷ்ணன் படியில் நின்ற பேராசிரியரைப் பார்த்தான். தருமன் கையில் கிடந்தவளைப் பார்த்தான். பின்கதவைத் திறந்தான்.

“அங்க போனதும் முதல் வார்த்தையா இதைச் சொல்லுங்க” என்று நசீமா தருமனின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “நாயிலேர்ந்து வர்ற தண்ணிக்கட்டி மாதிரி இருக்குது, கட்டியில ஊசி குத்தாதீங்க, கையில பரிசோதனை ஊசி போட்டுப் பார்த்துட்டு வயித்தைத் திறந்து எடுங்க. எங்க, ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்.”

அவன் திருப்பிச் சொன்னான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

ராஜம்மாள் காரில் ஏறாமல் நின்றாள். கையில் இருந்த பனங்கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப, எம் பொண்ணுக்கு நானேதான்… எம் வேண்டுதலாலயா கண்ணு?”

கட்டி வந்தது முதலில். வேண்டுதல் அதற்குப் பிந்தியது. ஆனால் மாசா மாசம் அந்த வீட்டு நாயின் வயிற்றில் போட்டது என்னவென்று நசீமாவுக்குத் தெரியும். கோபத்தை யார்மேல் போடுவது என்று ஒரு கணம் தடுமாறினாள்.

“உங்களுக்கு யாரும் சொல்லலைம்மா. தெரிஞ்சவங்க சொல்லியிருக்கணும். இனிமே சோறு போடுங்க. கறிதான் போடணும்னா நல்லா வேக வெச்சுப் போடுங்க. பைரவர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு. ஏறுங்க.”

ராஜம்மாள் கூடையை நர்சிங் ஹோம் படியில் ஓங்கி அடித்தாள். அது நசுங்கி உருண்டது. அவள் ஏறினாள். கார் செங்கம் ரோட்டில் புழுதி கிளப்பிக்கொண்டு திரும்பியது.

*

வராந்தாவில் மிச்சம் இருந்தவர்கள் நான்கு பேர். ஈரச் சட்டையோடு சக்கரபாணி. குப்பியும் ஐஸும் இருந்த டிரேயோடு அருணகிரி. சுவரோரம் நர்ஸ் தனம். நடுவில் நசீமா. அவள் கையில் இன்னும் அந்த ஊசி.

“உன் பி.எச்.டி. இதோட முடிஞ்சுது” என்றார் சக்கரபாணி. “தெரியுதா?”

“முடியட்டும்.”

“நன்றி கெட்டவளே! கறி வெட்டற வீட்டுலேர்ந்து தூக்கிக் கொண்டுபோய் லேபில உட்கார வெச்சேன். உன் வீட்டு வாசல்படி ஏறி வந்து சீட்டு குடுத்தேன். எந்தப் பேராசிரியனாவது செய்வானா?”

“அதையெல்லாம் அப்புறம் பேசலாம். நாலாவது ஆளு யாருன்னு கேட்டேன்.”

“வாயை மூடிட்டு வெளிய போ!”

“நீங்க மூடுங்க ஐயா!” அருணகிரி டிரேயை வீசி எறிந்தார். குப்பி உடைந்து ஐஸோடு சிதறியது. அவர் கத்தியது நசீமாவை நோக்கி அல்ல, பேராசிரியரை நோக்கி. “எல்லாம் உம்மால! அந்தப் பட்டிக்காட்டான் இனி ஊர் பூரா சொல்லுவான். என் பிழைப்பு போச்சு! மூணு குப்பியோட நிறுத்திக்குங்கன்னு அன்னிக்கே தலையால அடிச்சுக்கிட்டேன். அந்த சுகர் கேஸ் வேண்டாம், தாங்காதுன்னு சொன்னேன். கேட்டீரா? அதை வெச்சுத்தானே மாநாட்டுல கைதட்டல் வாங்கினீர்!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

சுகர் கேஸ்.

நசீமா அசையவில்லை. தலைக்குள் மட்டும் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தது. மூன்றாம் குப்பி. இரண்டு மடங்கு சர்க்கரை. புழு ஒன்றையும் கற்றுக்கொள்ளவில்லை, எதையும் சேர்த்து வைக்கவில்லை. சுமந்தவளின் ரத்தத்தில் இருந்த சர்க்கரை கட்டிக்குள்ளும் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். குப்பிகளுக்கு எண் போட்டது பேராசிரியர். கடைசியாக வந்ததை நடுவில் நுழைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

சர்க்கரை போடாத டீயை முகம் சுளிக்காமல் குடிக்கும் ஒருத்தி. பண்டிகைக்குச் செய்த சேமியாவை எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, கரண்டியை மட்டும் ஒரு தடவை நக்கிக்கொள்ளும் ஒருத்தி. கறிக்கடைக் கொல்லையில் படுத்துக்கிடக்கும் நாய்களுக்கெல்லாம் பேர் வைத்துக் கூப்பிடும் ஒருத்தி.

இரண்டு வருஷமாக அந்தக் குப்பியைச் சொட்டுச் சொட்டாக எடுத்தாள். சுட வைத்தாள். நிறம் மாற்றிப் பார்த்தாள். தவறு வந்துவிடக் கூடாதென்று மறுபடி மறுபடி அளந்தாள்.

“தனம்மா” என்றாள். “நீங்க அன்னிக்கு இருந்தீங்க இல்ல?”

தனம் டாக்டரைப் பார்த்தாள். பிறகு தரையில் சிதறிக்கிடந்த நீல மூடியைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையை அவளே எடுத்தாள்.

“இருந்தேன் கண்ணு.”

“தனம்!” என்று அதட்டினார் அருணகிரி.

“போதும் டாக்டரே. ரெண்டு வருஷமா எனக்குச் சோறு எறங்கலை. வேலையை வுட்டுத் தூக்கறதுன்னா தூக்குங்க.” தனம் நசீமாவின் அருகில் வந்தாள். “ஆபரேஷனுக்கு முன்னாடியே ஹார்ட் நின்னுடுச்சுன்னு சொன்னதெல்லாம் பொய்யி. அந்த நாலாவது ஆளு ஒங்கம்மாதான். மயக்க மருந்துகூடக் குடுக்கலை. முழிச்சுக்கினுதான் இருந்தாங்க.”

“தனம், வேண்டாம்…” சக்கரபாணி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

நசீமா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “சொல்லுங்க.”

“இந்த சாருதான் கிட்ட வந்து கேட்டாரு. ‘கட்டியிலேர்ந்து கொஞ்சூண்டு தண்ணி ஆராய்ச்சிக்கு எடுத்துக்கறோம்மா, ஒண்ணும் ஆவாது’ன்னாரு. ஒங்கம்மா சிரிச்சாங்க. ‘எம் பொண்ணும் அந்தப் படிப்புதாங்க படிச்சிருக்கு. மேல படிக்கணும்னு தெனம் அழுவுது, அவங்கப்பா மாப்பிள்ளை பாக்கறாரு. அவளை ஒங்ககிட்ட சேத்துக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எவ்ளோ வேணுமோ எடுத்துக்கங்க’ன்னாங்க. இவரு சேத்துக்கறேன்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் கண்ணு ஊசி எறங்குச்சு.”